பொலோஞ்ஞாவில் முதல் மூன்று மாதம்: படிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வட இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்துக்குப் பட்டப்படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கான பக்கம் இது. விதிகளும் கட்டணங்களும் இந்தியா, இலங்கை போல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வருகிறவர்களுக்கு உரியவை. கட்டணங்கள் அவ்வப்போது ஏறும். பணம் கட்டும் நாளில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் கேட் எங்கே இருக்கிறது?

கேட் கிடையாது. வந்து இறங்கும் பலரையும் முதலில் குழப்புவது இதுதான். 1088இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குச் சுற்றுச்சுவரோ ஒரே வளாகமோ இல்லை. இரட்டைக் கோபுரத்திலிருந்து சான் தொனாத்தோ வாசல் வரை போகும் வியா ட்ஸம்போனி என்ற தெருதான் அதன் முதுகெலும்பு. பழைய அரண்மனை போன்ற கட்டடங்களில் வகுப்புகள் நடக்கும். பக்கத்துக் கதவு காப்பிக்கடையாக இருக்கும். பொறியியல் கட்டடமோ ஊரின் மறுபக்கம், சரகோட்ஸா வாசலுக்கு வெளியே மேட்டில் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று: பொலோஞ்ஞா பல்கலைக்கழகத்துக்குச் செசேனா, ஃபொர்லி, ரவென்னா, ரிமினி ஆகிய ஊர்களிலும் வளாகங்கள் உண்டு. உங்கள் படிப்பு எந்த ஊரில் நடக்கிறது என்பதைச் சேர்க்கைக் கடிதத்தில் பார்த்த பிறகே வீடு தேடுங்கள். ரிமினியில் வகுப்பை வைத்துக்கொண்டு பொலோஞ்ஞாவில் முன்பணம் கொடுத்தால், ஒவ்வொரு நாளும் நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

வந்ததும் எதை முதலில் செய்ய வேண்டும்?

இங்கே ஒரு தாள் அடுத்த தாளுக்குச் சாவி. தனித்தனியாகப் பார்த்தால் எந்த வேலையும் கடினமில்லை. வரிசை தப்பும்போதுதான் வாரக்கணக்கில் அலைய நேர்கிறது.

முதலாவது கோதிச்சே ஃபிஸ்காலே என்ற வரி எண். நம் பான் எண்ணுக்கு இணையானது, ஆனால் அதைவிட அதிக இடங்களில் கேட்பார்கள்: வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, சிம் கார்டு, மருத்துவர், எல்லாவற்றுக்கும். அஜென்சியா தெல்லே என்த்ராத்தே என்ற வரி அலுவலகத்தில் இலவசமாகத் தருவார்கள். பாஸ்போர்ட், விசாப் பக்கம் இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு, முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள். சிலருக்கு இத்தாலியத் தூதரகமே விசாவோடு கொடுத்துவிடும். இருக்கிறதா என்று புறப்படும் முன் தேடிப் பாருங்கள்.

எண் கையில் வந்ததும் அதைப் படித்துப் பாருங்கள். மொத்தம் 16 எழுத்தும் இலக்கமும்: குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, பெயரிலிருந்து மூன்று, பிறந்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, தேதி, பிறந்த இடத்தின் குறியீடு, கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. பெண்களுக்குத் தேதியோடு 40 கூட்டுவார்கள். 5ஆம் தேதி பிறந்த பெண்ணுக்கு 45 என்று வருவது பிழையில்லை. வேறு எழுத்துப் பிழை இருந்தால் அந்த ஜன்னலை விட்டு நகரும் முன்பே திருத்தச் சொல்லுங்கள்.

இரண்டாவது தங்குமிட அனுமதி விண்ணப்பம். அதற்குக் காலக்கெடு இருப்பதால் வரி எண்ணுக்காகக் காத்திருந்து தள்ளிப்போட வேண்டாம். வங்கி, பஸ் பாஸ், நூலக அட்டை எல்லாம் அதன் பிறகு.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கிறது. சிக்கல் வருமா?

வரும். தமிழ் மாணவர்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இது. நமக்கு இனிஷியல் போதும். இத்தாலியின் படிவங்களுக்குப் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களும் நிரம்பியாக வேண்டும். காலியாக இருந்தால் ஒரு அலுவலகம் பெயரையே இரண்டு முறை எழுதும், இன்னொன்று புள்ளி வைக்கும், மூன்றாவது அப்பா பெயரைச் சேர்க்கும். பிறகு வரி எண்ணில் ஒருவர், பல்கலைக்கழகப் பதிவில் வேறொருவர் என்றாகி, வங்கி உங்களை ஏற்க மறுக்கும்.

சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்தி இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது. அதற்கு நேரமில்லை என்றால், விசாவில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அதே வடிவத்தை எல்லா இடத்திலும் ஓர் எழுத்து மாறாமல் எழுதுங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்தவர்களை அலுவலகங்களில் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள், முறை போய்விடும்.

தங்குமிட அனுமதியை எப்படி வாங்குவது?

பெர்மெஸ்ஸோ தி சொஜ்ஜோர்னோ என்பது அதன் பெயர். இத்தாலிக்குள் நுழைந்த 8 வேலை நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். சனி, ஞாயிறு கணக்கில் வராது.

"ஸ்போர்த்தெல்லோ அமீக்கோ" என்ற சேவை உள்ள தபால் நிலையத்துக்குப் போய் "கிட்" என்று கேட்டால் ஒரு பெரிய உறை இலவசமாகத் தருவார்கள். உள்ளே இரண்டு படிவங்கள் இருக்கும். மாணவர்கள் முதல் படிவத்தை மட்டும் நிரப்பினால் போதும். கறுப்பு மையில், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஓர் எழுத்து. கூடவே வைக்க வேண்டிய நகல்கள்: பாஸ்போர்ட்டின் விவரப் பக்கமும் முத்திரை உள்ள பக்கங்களும், விசா, சேர்க்கைக் கடிதம், மருத்துவக் காப்பீடு, பண வசதிக்கான சான்று.

உறையை ஒட்டாமல் திறந்தபடியே கொண்டுபோங்கள். கவுன்டரில் இருப்பவர் உள்ளே இருப்பதை எண்ணிப் பார்ப்பார். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

செலவு இப்படி: 16 யூரோ வருவாய் முத்திரை வில்லை, இதை மார்கா த பொல்லோ என்பார்கள், "டி" எழுத்துப் பலகை தொங்கும் புகையிலைக் கடையில் கிடைக்கும். ஓராண்டு வரையிலான அனுமதிக்கு 40 யூரோ, அட்டைக்கு 30.46 யூரோ, இரண்டையும் சேர்த்து 70.46 என்று ஒரே சலானில் கட்ட வேண்டும். தபால் சேவைக்கு 30 யூரோ. ஆக 116.46 யூரோ.

தபால் நிலையம் தரும் ரசீதுதான் அடுத்த பல மாதங்களுக்கு உங்கள் உயிர். அட்டை வரும் வரை சட்டப்படி தங்குவதற்கு ஆதாரம் அதுதான். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கும் ஒன்று அனுப்புங்கள். குவெஸ்தூரா என்ற காவல் தலைமையகத்துக்கு எந்த நாள் கைரேகை கொடுக்க வர வேண்டும் என்பதையும் அப்போதே அச்சிட்டுத் தருவார்கள். அன்று 4 பாஸ்போர்ட் அளவுப் படம், எல்லா அசல், எல்லா நகல் வேண்டும். காப்பீட்டு நகலை மறந்து போனதால் இன்னொரு தேதி கொடுத்து அனுப்பப்படுவது வழக்கமாக நடக்கும் தவறு.

புதுப்பிக்கும்போது படிப்பையும் பார்ப்பார்கள். முதல் ஆண்டில் குறைந்தது ஒரு தேர்விலும், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டிலும் தேறியிருக்க வேண்டும்.

ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய் வரலாமா?

போகலாம், வழியைப் பார்த்துப் போட்டால். விசா முடிந்து ரசீது மட்டும் கையில் இருக்கும்போது மற்ற ஷெங்கன் நாடுகளைத் தொடக்கூடாது. பிராங்க்பர்ட், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் வழியாக மாறும் டிக்கெட் வேண்டாம். துபாய், தோஹா வழியாக வந்து நேராக இத்தாலியில் இறங்கும் டிக்கெட்டாகப் பாருங்கள். பாஸ்போர்ட், பழைய விசா, அசல் ரசீது மூன்றும் கையிலிருக்கும் பையில் வர வேண்டும்.

மருத்துவக் காப்பீடு தனியாரா, அரசா?

அரசு மருத்துவத் திட்டத்தில் மாணவர்கள் விருப்பப்பட்டுச் சேர 2024 முதல் ஆண்டுக்கு 700 யூரோ. அதற்கு முன் 150 யூரோவுக்கும் குறைவாக இருந்தது. இதில் ஒரு கண்ணி உண்டு. அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான தொகை. அக்டோபரில் சேர்ந்தாலும் முழுத் தொகை, டிசம்பர் 31ஆம் தேதி முடிந்துவிடும். அதனால் முதல் ஆண்டுக்குத் தனியார் காப்பீடே பலரின் தேர்வு. தொடர்ந்து மருந்து எடுக்க வேண்டிய நோய் உள்ளவர்களுக்கு, ஜனவரியிலிருந்து அரசுத் திட்டம் நிச்சயமாக நல்லது. குடும்ப மருத்துவர் ஒருவர் கிடைப்பார்.

அவசரத்துக்கு 112. ஆன்டிபயாட்டிக் எதுவும் சீட்டில்லாமல் கிடைக்காது.

வீடு கிடைப்பது அவ்வளவு கஷ்டமா?

ஆம், இதில் ஆறுதல் சொல்ல எதுவுமில்லை. செப்டம்பரில் ஊரே வீடு தேடும். தனி அறைக்கு மாதம் 500 யூரோவுக்கு மேல் என்பது இப்போது சாதாரணம். ஜூன், ஜூலையிலேயே தேடத் தொடங்குங்கள். முதல் சில வாரங்களுக்கு விடுதி அறையைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள்.

நேரில் அல்லது நம்பிக்கையான ஒருவர் மூலம் பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்ப வேண்டாம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி கூரியரில் வரும், முன்பணம் போடுங்கள் என்றால் அது மோசடி. இதே கதை ஒவ்வொரு ஆண்டும் புதுப் புகைப்படங்களோடு வருகிறது.

மாணவர் ஒப்பந்தம் 6 மாதத்திலிருந்து 36 மாதம் வரை போடலாம். முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத வாடகை. ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் வரி அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவில்லாமல் குறைந்த வாடகை என்று ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள்: உதவித்தொகைக்கு அது செல்லாது, முகவரிச் சான்றும் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராதவரைக் குடிவைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் துறைக்கு எழுத்தில் தெரிவிப்பது வீட்டுக்காரரின் கடமை. அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

வாடகையில் எதெல்லாம் அடக்கம் என்றும் கேளுங்கள். கட்டடப் பராமரிப்பும் சூடாக்கும் செலவும் தனியாக இருந்தால் குளிர்காலத்தில் கணக்கு உதைக்கும்.

வீட்டில் அடிக்கடி கரண்ட் போகிறதே, ஏன்?

பெரும்பாலான வீடுகளின் மின் இணைப்பு 3 கிலோவாட்தான். வாஷிங் மெஷினும் மின் ஓவனும் ஒன்றாக ஓடும்போது கெட்டிலைப் போட்டால் மீட்டர் விழுந்துவிடும். ஒன்றை அணைத்துவிட்டு மீட்டர் பொத்தானைத் தூக்குங்கள். சில கட்டடங்களில் மீட்டர் கீழ்த்தளத்தில் இருக்கும். இடத்தைப் பகலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர் மூன்று முள் பிளக் இங்கே நுழையாது. இத்தாலியின் மூன்று துளைகள் ஒரே கோட்டில் இருக்கும். இரண்டு மூன்று அடாப்டர் கொண்டுவாருங்கள். மத்திய சூடாக்கி அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 15 வரைதான் ஓடும் என்பது பொது விதி. அக்டோபரின் முதல் பாதியில் கம்பளி தேவைப்படும்.

படிப்பு ஆங்கிலத்தில். இத்தாலியன் தெரியாமல் காலம் தள்ள முடியுமா?

வகுப்பில் முடியும். தபால் நிலையத்தில், மருந்துக்கடையில், வீட்டுக்காரரிடம் முடியாது. பல்கலைக்கழக மொழி மையம் நிலைத் தேர்வு வைத்து மாணவர்களுக்கு வகுப்பு நடத்துகிறது. இடம் விரைவில் நிரம்பும், முதல் வாரத்திலேயே பதிவு செய்யுங்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த மொழியில் சில வரங்கள் உண்டு. நாம் "பலி"யையும் "பல்லி"யையும் குழப்ப மாட்டோம். இத்தாலியனில் ஒற்று இரட்டிப்பது அதேபோலப் பொருளை மாற்றும்: "பாலா" மண்வாரி, "பால்லா" பந்து. வயதைச் சொல்லும்போது "ஆன்னி" என்று அழுத்தாமல் "ஆனி" என்று விட்டால் ஆசனவாயைச் சொன்னதாகிவிடும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் மாதக்கணக்கில் தடுமாறும் இந்த இடம் நமக்குப் பிறவியிலேயே வந்தது. ஊர்ப் பெயரின் கடைசியில் வருவதும் "அஞ்ஞான"த்தில் வரும் அதே ஞகரம்தான்.

தடுமாறும் இடமும் உண்டு. வல்லினத்தின் இரண்டு ஒலிகளுக்கும் நாம் ஒரே எழுத்து வைத்திருக்கிறோம். "பாங்கா" என்று அழுத்தமில்லாமல் தொடங்கினால் வங்கி, அழுத்தித் தொடங்கினால் பெஞ்சு. காதால் கேட்டுப் பழகினால்தான் இது வரும்.

மரியாதை விஷயத்தில் நமக்குக் கற்றுத்தரவே வேண்டாம். "தூ" என்பது நீ, "லேய்" என்பது நீங்கள். பேராசிரியர், அதிகாரி, வயதானவர், கடைக்காரர் எல்லாரிடமும் லேய். "சாவ்" நண்பர்களுக்கு மட்டும். கடைக்குள் நுழைந்ததும் "புவோன்ஜோர்னோ" சொல்லாமல் நேராக விலை கேட்டால் முகம் இறுகிவிடும். இந்த ஊர்க்காரர்கள் சிடுசிடுப்பானவர்கள் என்று முதல் வாரத்தில் தோன்றுவதற்குப் பாதிக் காரணம், நாம் வணக்கம் சொல்லாததுதான்.

வகுப்பும் தேர்வும் எப்படி இருக்கும்?

9 மணி வகுப்பு 9.15க்குத் தொடங்கும். இதற்குக் "கல்விக் கால்மணி" என்றே பெயர்.

மதிப்பெண் 30க்கு, தேற 18 வேண்டும். மிகச் சிறப்பாகச் செய்தால் 30உடன் "லோதே" என்ற பாராட்டு. பட்டத்தின் இறுதி மதிப்பெண் 110க்கு. சராசரியை 110ஆல் பெருக்கி 30ஆல் வகுத்தால் நீங்கள் தொடங்கும் எண் வரும்: 27 என்றால் 99. அதோடு ஆய்வேட்டுக்கான புள்ளிகள் சேரும். ஓர் ஆண்டுக்கு 60 கிரெடிட், ஒரு கிரெடிட் என்பது 25 மணி நேர உழைப்பு.

நம் மாணவர்களை உலுக்குவது வாய்மொழித் தேர்வு. பல பாடங்களில் தாளே இல்லை. பேராசிரியர் எதிரே உட்கார்ந்து கால்மணி, அரைமணி பேச வேண்டும். எழுதிக் குவித்துப் பழகியவர்கள் பாடம் தெரிந்தும் வாயடைத்துப் போவார்கள். இதற்கு நல்ல மருந்து ஒன்று உண்டு: வாய்மொழித் தேர்வுகள் பொதுவில் நடப்பவை. உங்கள் முறைக்கு முந்தைய தேர்வு நாளில் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன, எங்கே குறுக்கிடுகிறார் என்பது ஒரு காலையில் விளங்கிவிடும். சிலர் முதல் கேள்வியாக "உங்களுக்குப் பிடித்த தலைப்பைச் சொல்லுங்கள்" என்பார்கள். அதற்கு ஒன்றை ஐந்து நிமிடத்துக்குச் சத்தமாகப் பேசிப் பழகி வையுங்கள்.

ஒரு பாடத்துக்கு ஆண்டில் பல தேர்வு நாட்கள் இருக்கும்; ஒவ்வொன்றும் ஓர் "அப்பெல்லோ". ஜனவரி-பிப்ரவரி, ஜூன்-ஜூலை, செப்டம்பர் என்று பருவங்கள். கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் மறுத்துவிட்டு மறுபடி எழுதலாம். எத்தனை முறை என்பது பேராசிரியரின் விதி. ஆனால் அல்மாஎஸாமி என்ற இணையதளத்தில் கடைசித் தேதிக்குள் பெயர் பதியாதவருக்குத் தேர்வு கிடையாது. எவ்வளவு படித்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

கற்றவள், கொழுத்தவள், சிவந்தவள் என்பவை இந்த ஊருக்கு வழங்கும் பட்டப்பெயர்கள். கொழுத்தவள் என்பது சாப்பாட்டை வைத்துச் சொன்னது, அந்தக் கொழுப்பில் பெரும்பகுதி பன்றி. "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டால் மட்டும் போதாது. சிலர் கணக்கில் பன்றித் தொடைத் துண்டு இறைச்சியில் சேராது. "சோனோ வெஜெத்தாரியானோ" என்று சொல்லுங்கள், பெண்கள் "வெஜெத்தாரியானா".

"தொர்தெல்லீனி" சிறியது, உள்ளே பன்றி. "தொர்தெல்லோனி" பெரியது, உள்ளே பெரும்பாலும் ரிக்கோத்தா பாலாடை. ஓர் எழுத்தில் உணவே மாறுகிறது. "இன் ப்ரோதோ" என்றால் இறைச்சிச் சாற்றில் வருவது. பியதீனா என்ற ரொட்டியிலும், பொரித்த கிரெஷென்தீனாவிலும் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "ஸ்த்ரூத்தோ" என்ற சொல்லைப் பொட்டலத்தில் தேடுங்கள். பார்மிஜ்ஜானோ பாலாடைக் கட்டியில் பாலைத் திரைய வைப்பது கன்றின் வயிற்று நொதி. கண்டிப்பான சைவர்களுக்கு அது ஆகாது.

சமையலுக்கு நம் சாமான் கிடைக்குமா?

கிடைக்கும், பாதி சூப்பர் மார்க்கெட்டிலேயே. செமொலீனோ ரவை. ஃபரீனா தி சேச்சி கடலை மாவு, சேச்சி கொண்டைக்கடலை. தோல் நீக்கிய சிவப்பு லென்தீக்கியே மைசூர் பருப்பு. சர்க்கரை சேர்க்காத முழுக்கொழுப்பு வெள்ளைத் தயிர் அப்படியே நம் தயிர். அர்போரியோ அரிசியைச் சாதத்துக்கு வாங்க வேண்டாம், குழைந்துவிடும். பொங்கலுக்கும் தயிர்சாதத்துக்கும் அருமையாக இருக்கும். புளி, பெருங்காயம், உளுந்துக்கு ரயில் நிலையத்துக்கு வடக்கே பொலோஞ்ஞீனா பகுதியில் தெற்காசியக் கடைகளைப் பாருங்கள்.

ஊரிலிருந்து நெய், பால் இனிப்பு, இறைச்சி கொண்டுவரக்கூடாது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் ஆகாது. காய்ந்தது கொண்டுவாருங்கள். இன்டக்ஷன் அடுப்புள்ள வீடு என்றால் அலுமினியக் குக்கர் சூடேறாது, அடிப்பகுதி காந்தம் ஒட்டும் எஃகாக இருக்க வேண்டும்.

உதவித்தொகைக்கு ஊரிலிருந்து என்ன கொண்டுவர வேண்டும்?

எமிலியா-ரொமாஞ்ஞா மாநில உதவித்தொகையை எர்கோ என்ற அமைப்பு தருகிறது. குடும்பப் பொருளாதார நிலைதான் அடிப்படை. குடும்ப உறுப்பினர் சான்று, பெற்றோரின் வருமானச் சான்று, வீடு நிலம் வங்கி இருப்பு விவரம் எல்லாம் வேண்டும். பெரும்பாலும் நடப்பு ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்தைய கணக்கைக் கேட்பார்கள், கடந்த ஆண்டினுடையதை அல்ல. இந்தியச் சான்றுகளுக்கு, அவை வெளிநாட்டில் செல்லுபடியாக வைக்கப்படும் அப்போஸ்டில் என்ற அரசு முத்திரையும் இத்தாலிய மொழிபெயர்ப்பும் தேவை. தாசில்தார் அலுவலகத்தில் தொடங்கி அப்போஸ்டில் வரை ஒன்றிரண்டு மாதம் ஓடிவிடும். சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே தொடங்குங்கள். இங்கே வந்த பிறகு அப்பாவை அவசரப்படுத்திச் சான்றுகளை அனுப்பச் சொன்னவர்களில் பலர் கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

பகுதிநேர வேலை?

வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரை. எழுத்தில் ஒப்பந்தம் கேளுங்கள்.

ரயில், பஸ்ஸில் எங்கே மாட்டிக்கொள்வார்கள்?

பிராந்திய ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் டிக்கெட் இல்லாததற்குச் சமம், அபராதம் உண்டு. "ஷோப்பெரோ" என்றால் வேலைநிறுத்தம், முன்னறிவிப்போடுதான் வரும். வேலை நாட்களில் பிராந்திய ரயில்களுக்குக் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை அத்தியாவசியச் சேவை ஓடும். சனி, ஞாயிறுகளில் நகர நடுவின் முக்கியத் தெருக்களில் வண்டி ஓடாது, பஸ்கள் வேறு வழியில் சுற்றும். அக்டோபர் 4 ஊர்க்காவல் புனிதர் பெத்ரோனியோவின் நாள். பொலோஞ்ஞாவில் அலுவலகங்கள் மூடியிருக்கும்.

நவம்பரில் மனம் சோர்ந்து போகிறது. இது எனக்கு மட்டும்தானா?

இல்லை. போ நதிச் சமவெளியின் மூடுபனி, ஐந்து மணிக்கு முன்பே இருட்டு, காகிதங்கள் இன்னும் வராத கவலை, எல்லாம் ஒரே மாதத்தில் சேரும். வெயிலில் வளர்ந்த நமக்கு அது கனமாகத்தான் இருக்கும். அறைக்குள் முடங்க வேண்டாம். பியாட்சா மஜ்ஜோரே சதுக்கத்தை ஒட்டிய சாலாபோர்சா பொது நூலகம் எல்லாருக்கும் இலவசம். கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானிய ஊரின் இடிபாடுகள் தெரியும். தூக்கமோ பசியோ வாரக்கணக்கில் கெட்டால் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆலோசனைக்கு எழுதுங்கள்.

மழை நாளில் குடையில்லாமல் நடக்க இந்த ஊரைப் போல் இன்னொன்று இல்லை. 2021இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த தூண் மண்டபங்கள் தெருத்தெருவாகத் தொடர்கின்றன. சரகோட்ஸா வாசலிலிருந்து மலைமேல் இருக்கும் சான் லூக்கா கோயில் வரை 666 வளைவுகள், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், முழுக்கக் கூரைக்குக் கீழே. சாதாரண நடையில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். பாதிக்கு மேல் ஏற்றமும் படியும் என்பதால் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வானம் தெளிந்த நாளில் போனால் மேலிருந்து ஊரைச் சுற்றிய குன்றுகள் தெரியும்.